டூல்வாக் 2.7

வந்துவிட்டான். வாட்ச்மேன் கருப்பண்ணன் கம்ப்யூட்டர் லேப் கதவை ஒரு சாண் திறந்து, "சாருங்க, கோயமுத்தூர்ல இருந்து சிகாமணின்னு ஒருத்தரு வந்திருக்காருங்க, பரீட்சை முடியட்டும்னு வெளிய பெஞ்சுல ஒக்கார வெச்சிருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் சொன்னார். மணி பத்தேகால். பரீட்சை பன்னிரண்டரைக்கு முடியும், அதுவரை மேற்பார்வையாளன் அறையை விட்டு நகரக் கூடாது என்பது விதி. பத்தொன்பது வருஷமாக நான் திட்டித் தீர்த்த விதி, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார வைத்த விதி, இன்றைக்கு அதன் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருக்கிறது. இரண்டேகால் மணி நேரம் என்னை யாரும் தொட முடியாது. ஜன்னல் கண்ணாடி வழியாகத் தெரிகிறான். முன்பைவிட இளைத்திருக்கிறான். வலது கையில் முழங்கை வரை வெள்ளைக் கட்டு, நுனியில் கை கை மாதிரி முடியவில்லை, மொட்டையாக ஒரு உருண்டை. மடியில் ஒரு பெரிய எக்ஸ்ரே கவர், அதை இடது கையால் அழுத்திப் பிடித்திருக்கிறான். அதில் எக்ஸ்ரேதான் இருக்குமா. ஒன்றரை அடி நீளம் இருக்கிறது, ஒரு அரிவாள் படுக்கைவாட்டில் தாராளமாகப் போகும். காலை ஏழரைக்குப் போன் செய்தான். நான் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். "சார், சிகாமணிங்க. மூணு வருசம் முன்னால பீளமேட்டுல கிளாஸ் எடுத்தீங்களே, அதுல இருந்தவன். கை மெஷின்ல போயிருச்சுங்க சார், நாலு வெரல். திரையில நிறுத்து பட்டன அமுக்குனேன், நிக்கல. செவப்பு பட்டன் ஆறு மாசமாவே வேலை செய்யலீங்க." எப்போது என்று கேட்டேன். "இருவது நாளாச்சுங்க. உங்கள நேர்ல பாத்துத்தான் பேசோணும். பஸ் ஏறிட்டனுங்க." வைத்துவிட்டான். குரலில் கோபமே இல்லை. கத்துகிறவனை எனக்குத் தெரியும், கத்துகிறவன் கத்திவிட்டுப் போய்விடுவான். பஸ் ஏறிவிட்டேன் என்று நிதானமாகச் சொல்கிறவனைத்தான் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்யாண மண்டபத்து மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள், பம்ப் பாகம் கடைகிறவர்கள், மெஷின் ஓட்டுகிறவர்கள். நான் நின்று பேசினேன். நான் பேசினால் நன்றாகத்தான் பேசுவேன். எங்களுடையது இலவச இயங்குதளம், உலகம் முழுக்க ஆயிரம் பேர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்கிறோம், யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம். உங்களுக்கு எந்த சாப்ட்வேர் வேண்டுமோ அது பேக்கேஜாகக் கட்டித் தயாராக இருக்கும், ஒரு வரி தட்டினால் இறங்கும். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு, உங்கள் மெஷினை ஓட்டுகிற டூல்வாக் என்ற சாப்ட்வேருக்கு நானே பொறுப்பாளன் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன், அடக்கமாம். பின்வரிசையில் இவன் எழுந்து நின்றான். "சார், ஏதாச்சும் தப்பு இருந்தா யாருகிட்டச் சொல்றதுங்க?" எழுதிப் போடுங்கள் என்றேன். புகார் எழுத ஒரு பக்கம் இருக்கிறது, எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள், காசு கொடுத்து வாங்கின சாப்ட்வேரில் கேட்க நாதி இருக்காது, இங்கே நீங்கள் எழுதினால் படிக்க ஒரு ஆள் இருக்கிறான், அதுதான் எங்கள் பெருமை. கை தட்டினார்கள். என் வாயிலேயே நான் அறைந்துகொள்ள வேண்டும். இப்போதே, இந்த இருபத்து மூன்று பிள்ளைகளும் திலகா மேடமும் பார்க்கப் பார்க்க, பல் உதிர்கிற அளவுக்கு. திலகா மேடம் நாமக்கல்லில் இருந்து வந்த வெளித்தேர்வாளர், சாந்தமாக வினாத்தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஏழாம் கம்ப்யூட்டர் பையன் பேனா முனையை டிக்கு டிக்கு என்று அமுக்கிக்கொண்டே இருக்கிறான். அந்தப் பேனாவைப் பிடுங்கி அவன் புறங்கையில் குத்தி மேஜையோடு சேர்த்து நிறுத்தலாம். நான் அவனருகில் போய், "தம்பி, சத்தம் வராம பாத்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் நான். நாச்சிமுத்து சார் தங்கமான மனுஷன். நாச்சிமுத்து சார் அதிர்ந்து பேச மாட்டார். பெருந்துறை பஸ்ஸில் ஒரு நாள் கண்டக்டர் என்னை வேறு யாரோ என்று நினைத்துக் கன்னத்தில் அறைந்தான், பஸ் முழுக்கப் பார்த்தது, அவனே பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான், நான் "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வந்திருந்த புகார்களில் பதினாலை நிராகரித்து மூடினேன். ஒவ்வொன்றும் கண்டக்டரின் கன்னம்.

அந்த இணையப் பக்கத்தில் என் பெயர் கோடாலி. அந்தப் பெயரில் எனக்கு ஒரு முகமும் கிடையாது, வழுக்கை கிடையாது, ஏறாத இன்கிரிமென்ட் கிடையாது. பொறுப்பாளர்களின் கூட்டத்தில் கோடாலி என்றால் நாலு நாட்டில் பயப்படுவார்கள். எங்கள் தளத்தில் ஒரு பட்டியல் உண்டு, எந்தெந்த பேக்கேஜ் பழசாகிக் கிடக்கிறது என்று காட்டும் பட்டியல். சாப்ட்வேரை எழுதியவர் புதிய வெர்ஷன் வெளியிட்ட பிறகும் நாங்கள் பழையதையே வைத்திருந்தால் அந்த வரி சிவப்பாகிவிடும், எத்தனை நாள் என்று பக்கத்தில் எண் ஏறும். டூல்வாக் வரியில் நானூற்று முப்பத்திரண்டு நாள். நம்மிடம் 2.7, வெளியே 2.9. நான் மறந்துவிடவில்லை. வேண்டுமென்றே நிறுத்தி வைத்தேன். டூல்வாக்கை எழுதியவன் யோர்கன் என்று ஒரு குளிர்நாட்டுக்காரன், அவனுக்கு நான் ஆறு மாசம் உட்கார்ந்து திரையில் எல்லாச் சொல்லையும் தமிழாக்கி அனுப்பினேன், ஓட்டு, நகர்த்து, நிறுத்து, எல்லாம். அவன் எல்லார் முன்னாலும் இது குப்பை, என் புரோகிராமை அசிங்கப்படுத்துகிறது என்று எழுதினான். அன்றைக்கு அவன் தொண்டையைப் பிடித்துச் சுவரோடு நெரித்துக் கண் பிதுங்குவதைப் பார்த்தபடியே மூன்று வேளை சோறு தின்றேன். எங்கள் 2.7 பேக்கேஜில் அதை நானே ஏற்றிக்கொண்டேன். 2.9-ல் என் தமிழ் ஏறாது, ஏற்றவும் விடாதபடி உள்ளே மாற்றிவிட்டான். அப்படியானால் 2.9 வேண்டாம். ஏன் என்று யாராவது கேட்டால் "நிலைத்தன்மை கருதி" என்று ஒரு பதில், எவ்வளவு கௌரவமான பதில். 2.9-ல் யோர்கன் என்னென்ன திருத்தினான் என்ற நீளப் பட்டியலை நான் படிக்கவே இல்லை, அவன் எழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பித்தம் ஏறும். அதில் பதினேழாவது வரியில் இருந்தது. இன்று காலை எட்டு மணிக்கு, சட்னி காய்ந்த கையோடு படித்தேன். 2.7-ல் நிறுத்து என்று அழுத்தினால் மெஷின் உடனே நிற்காது, கையில் வாங்கி வைத்திருக்கும் கட்டளைகளையெல்லாம் முடித்துவிட்டுத்தான் நிற்கும், அது ஒரு பிழை, 2.9-ல் உடனே நிற்கும். எத்தனை நேரம் தாமதம். இரண்டு விநாடி, சில சமயம் மூன்று. மூன்று விநாடியில், நிமிஷத்துக்கு எண்ணாயிரம் சுற்றுச் சுழல்கிற கத்தி என்ன செய்யும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும், போடவும் செய்தேன், போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அவன் அழுத்தினது என் சொல்லை. நிறுத்து என்று திரையில் எழுதினவன் நான், அது நிற்காமல் இருக்கப் பார்த்துக்கொண்டவனும் நான்.

பட்டறை ஓனரைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். சிவப்பு பட்டன் என்று ஒன்று மெஷினின் உடம்பிலேயே இருக்கிறது, கரண்டையே வெட்டிவிடும், எந்த சாப்ட்வேரும் அதில் தலையிட முடியாது, அதை ஆறு மாசம் பழுதாக விட்டுவைத்தவன் எவன். அவனைக் கொண்டுவந்து அந்த மெஷினிலேயே கையைக் கட்டிப் போட்டு ஓட்ட வேண்டும், மெதுவாக, ஒவ்வொரு மில்லிமீட்டராக. இப்படி நினைக்க நினைக்க நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது, லேசான நெஞ்சோடு ஜன்னல் பக்கம் திரும்பினால் வெள்ளை உருண்டை தெரிகிறது. இரண்டு பட்டனும் மெஷினை நிறுத்தவில்லை. ஒன்று ஓனருடையது, ஒன்று என்னுடையது. இவன் ஓனரைத் தேடிக்கொண்டு எக்ஸ்ரே கவரோடு போகவில்லை. என்னைத் தேடி வந்திருக்கிறான், ஏனென்றால் இவன் எழுதியிருக்கிறான். காலையில் தேடிப் பார்த்தேன், இருக்கிறது, ஐந்து மாசத்துக்கு முன்னால், சிகாமணி என்ற பெயரிலேயே. நூற்றுக்கணக்கான இங்கிலீஷ் புகார்களுக்கு நடுவில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், எழுத்துக்கூட்டித் தட்டியது. உலகம் முழுக்க இருக்கிற ஆயிரம் பேரில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். திறக்கக்கூட இல்லை. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம். வெர்ஷன் எண் பார்த்துவிட்டு 'அப்டேட் பண்ணுங்கள்' என்று நச்சரிப்பது அநாகரிகம். சம்பளமில்லாமல் உழைக்கிறவன் கழுத்தில் உட்கார்ந்து சவாரி செய்கிற காரியம். அப்படிப்பட்ட புகாரைப் படிக்காமல் மூடலாம், அதில் யாரும் குற்றம் காண மாட்டார்கள், நல்ல குத்தலாக ஒரு பதில் போட்டு மூடினால் மெச்சவும் செய்வார்கள். கடைசி வரியில் 'ப்ளீஸ் அப்டேட்' என்று முடிகிற புகார்களை மட்டும் சலித்து எடுக்க ஒரு வழி செய்து வைத்திருந்தேன். அன்றைக்கு முப்பத்தொன்று சேர்ந்திருந்தது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரே பதிலை முப்பத்தொன்றுக்கும் போட்டு, மூடினேன். மூடினால் பச்சை டிக் விழும். முப்பத்தொரு பச்சை டிக் வரிசையாக விழுவதைப் பார்க்க அவ்வளவு ஆனந்தம். பதில் என்னவென்றால், இங்கிலீஷில் நன்றாகவே இருக்கும், பெங்களூர்க் கூட்டத்தில் ஒருத்தன் அதை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்தான். அப்டேட் கேட்டுத் தட்டும் விரல்களை வெட்டி எறிவேன். புகார் மூடப்படுகிறது. இப்படிக்கு, கோடாலி.

"சார், டீ வந்திருக்கு" என்றார் திலகா மேடம். தட்டில் இரண்டு டம்ளர். குடித்தேன், நாக்கு வெந்தது, வெந்ததுகூட கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மேடம் மெல்லிய குரலில், "வெளிய ஒக்காந்திருக்கறவரு உங்க சொந்தக்காரரா சார்? கையில என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். மெஷினில் போய்விட்டது என்றேன். "ஐயோ பாவமே. இவங்கெல்லாம் கவனமா ஓட்டறதே இல்லீங்க சார்" என்றார். தலையாட்டினேன். ஆட்டிவிட்டேன், அந்தத் தலையை. கவனமாக ஓட்டியவன் என்று சொல்ல ஒரு வாய் எடுத்திருந்தால் என்ன. கவனமாக இருந்ததால்தான் மேடம் அவன் எழுதினான், ஐந்து மாசத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்து எழுதினான், கவனமில்லாதவன் உங்கள் எதிரில் டீ குடிக்கிறான். சொல்லவில்லை. கடைசி மூலையில் இருபத்து நாலாம் கம்ப்யூட்டர் காலியாக இருந்தது, அதில் காலை ஒன்பதரைக்கே 2.9-ஐக் கட்ட ஏற்றிவிட்டேன். பேக்கேஜ் கட்டுவது என்றால் எழுதியவரின் மூல நிரலை எடுத்து, எங்கள் தளத்துக்கு ஏற்றபடி கோத்து, சோதித்து, ஒரு மூட்டையாக்குவது. இரண்டு மணி நேர வேலை, அதுவும் மெஷின் செய்கிற வேலை. நானூற்று முப்பத்திரண்டு நாளில் என்னால் கொடுக்க முடியாத இரண்டு மணி நேரம். திரையில் வரிகள் ஓடுகின்றன, அறுபத்தெட்டு சதவீதம், அறுபத்தொன்பது. அவன் எப்படி அடிப்பான். இடது கையால் அடிக்க வேண்டும், பழக்கமில்லாத கை, முதல் வெட்டு தோளில் விழும், கழுத்துக்குக் குறிவைத்தது தோளில் விழும். நான் கையைக் குறுக்கே நீட்டுவேன், எல்லாரும் நீட்டுவார்கள், இரண்டாவது வெட்டு கையில் விழும். அல்லது வெட்டு எதுவும் வேண்டாம் என்று கட்டுப் போட்ட அந்த உருண்டையாலேயே என் மூக்கில் குத்துவான், அவனுக்கும் தையல் பிரிந்து ரத்தம் வரும், என் ரத்தமும் அவன் ரத்தமும் வராந்தாச் சிமெண்டில் சேர்ந்து ஓடும், கருப்பண்ணன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிடுவார். கதவருகே தீயணைப்பான் தொங்குகிறது. சிவப்பாக, கனமாக, ஆறு கிலோ. அவன் கவரில் கையை விடும்போதே அதை எடுத்து அவன் மண்டையில் போட்டுவிட முடியும். முடியும் என்று என் கைகள் கணக்குப் போடுகின்றன, தூரம் எத்தனை அடி, கொக்கியிலிருந்து கழற்ற எத்தனை விநாடி. ஏற்கனவே நாலு விரல் இழந்தவனை நான் மண்டையிலும் அடிப்பது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன், பாருங்கள், பரீட்சை அறையில், டீ டம்ளரோடு. எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பஸ்ஸில் அறைந்த கண்டக்டரைத் திருப்பி அடித்திருந்தால், அன்றைக்கே ஒரு அடி, நேராக, கன்னத்தில், அது அங்கேயே முடிந்திருக்கும். அடிக்காத அடியெல்லாம் எங்கேதான் போகும். முகம் தெரியாத ஆட்கள் மேல் போய் விழுந்திருக்கிறது, வருஷக்கணக்காக, நான் அதை நகைச்சுவை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு மூட்டை கட்டி முடிந்தது. சோதனைகள் எல்லாம் தேறின. நிறுத்து சோதனையும் தேறியது, ஆனால் நிறுத்து என்ற சொல் இல்லை, திரை முழுக்க இங்கிலீஷ், என் தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. அதற்காகத்தான் இத்தனையும். ஆறு மாச உழைப்பு போய்விட்டதே என்று ஒரு நொடி துக்கம் வந்தது, உண்மையான துக்கம். அந்தத் துக்கத்தின் பிடரியில் ஓங்கி ஒன்று போட்டேன். மாற்றக் குறிப்பு எழுதச் சொல்லி மெஷின் கேட்டது. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று பொறுப்பாளன் எழுதி வைக்க வேண்டும், அது எப்போதும் அழியாது. ஒரு ஆளின் கை போய்விட்டது என்று எழுதினேன். அழித்தேன். என் அலட்சியத்தால் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் 'புதிய வெர்ஷன்' என்று மட்டும் எழுதி ஏற்றிவிட்டேன். தப்பிக்க வழி பார்க்கிறவன் எழுதுகிற குறிப்பு. பட்டியலைத் திறந்து பார்த்தேன். டூல்வாக் வரி சிவப்பிலிருந்து வெள்ளையாகிவிட்டது, நானூற்று முப்பத்திரண்டு என்ற எண் காணாமல் போய்விட்டது, சுத்தமாக, கழுவித் துடைத்த மாதிரி. மனசு குளிர்ந்தது. குளிரத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். உடனே மூன்றாம் கம்ப்யூட்டர் பிள்ளை எழுந்து நின்று, "சார், என்னோட புரோகிராம் ரன் ஆகுது, ஆனா நிக்க மாட்டேங்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். முடிவில்லாமல் சுற்றும் வளையம், நிறுத்த வேண்டிய நிபந்தனையை எழுத மறந்திருந்தாள். பரீட்சையில் உதவக் கூடாது. "நல்லாப் பாரும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அவளுக்கு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். நான் திரும்பி என் நாற்காலிக்கு வந்தேன். வெளியே அவன் அதே இடத்தில், அதே மாதிரி. ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. கருப்பண்ணன் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார், இடது கையால் வாங்கிக் குடித்தான், கொஞ்சம் சட்டையில் சிந்தியது, துடைக்க இன்னொரு கை இல்லாமல் அப்படியே விட்டான். அதைப் பார்த்த பிறகு தீயணைப்பானின் கனம் என் மனசிலிருந்து இறங்கிவிட்டது. அடிக்கட்டும். வெட்டட்டும். அடி வாங்கினால் ஒரு கணக்கு முடியும், எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஊரெல்லாம் என்னைப் பாவம் என்று சொல்லும். அடி வேண்டும் என்றே தோன்றியது. அதிலும் நான் எனக்குத்தான் வழி பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. திலகா மேடம் விடைத்தாள்களை வாங்கத் தொடங்கினார். நான் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போனேன். சிகாமணி எழுந்து நின்றான், இடது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தான்.

"பரீட்சை நேரத்துல வந்து தொந்தரவு பண்ணிப்போட்டனுங்க சார்."

"உட்காருங்க சிகாமணி," என்றேன். "புது வெர்ஷன் வந்திருச்சு. இன்னைக்குத்தான். இனிமே உடனே நிக்கும்" என்றேன்.

"அப்படீங்களா. செரீங்க சார். இப்ப அதுல எம் மச்சானத்தான் நிக்க வெச்சிருக்காங்க. அவனாச்சும்." எக்ஸ்ரே கவரைப் பெஞ்சில் வைத்து அதற்குள் கையை விட்டான். நான் நகரவில்லை. ஒரு காகிதத்தை எடுத்தான், நாலாக மடித்தது, மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கிய பிரிண்ட் அவுட்.

"சார், நீங்க கிளாஸ்ல சொன்னீங்கல்ல, எழுதுனா படிக்க ஒரு ஆளு இருக்குதுன்னு. மெஷின் லேட்டா நிக்குதுன்னு நானு அஞ்சு மாசத்துக்கு முன்னாலயே எழுதிப் போட்டனுங்க. ஒரே நாள்ல பதில் வந்துருச்சு, இங்கிலீஷ்ல. கீழ பச்சை டிக்கு. செரி, பண்ணிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சனுங்க. அதுக்கு முன்னால எல்லாம் உள்ள சேர்ற இரும்புச் சில்லக் குச்சியிலதான் தள்ளுவேன். டிக்கு வந்த பொறகுதான் கைய உட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "இப்ப ஓனரு என்ன சொல்றாருன்னா, அந்தப் பதில்ல எப்படி ஓட்டோணும்னு வெவரமாச் சொல்லியிருப்பாங்க, நீ படிக்காம ஓட்டிப்போட்டேங்கறாரு. வூட்லயும் அதையேதான் கேக்கறாங்க. ஆஸ்பத்திரில நர்ஸம்மாகிட்டக் குடுத்தேன். படிச்சுப்போட்டு ஒண்ணும் பேசாம மடிச்சுக் கையில குடுத்துருச்சு. எம் புள்ள எட்டாவது படிக்குது, அது படிச்சுட்டு அழுகுது, கேட்டா ஒண்ணுமில்லைங்குது. நீங்கதான் சார் கத்துக் குடுத்தவரு. என்ன சொல்லியிருக்குது இதுல? நானு எங்க தப்புப் பண்ணுனேன்?"

அவனுக்குத் தெரியாது. இரண்டேகால் மணி நேரம் நான் என்னை வெட்ட வந்தவனாக ஆக்கி வைத்திருந்தவன், என்னிடம் பாடம் கேட்க வந்திருக்கிறான். காகிதத்தை வாங்கினேன். எதையும் சொல்லலாம். இது பொதுவான பதில், உங்கள் மேல் தப்பில்லை, ஓனரிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லலாம், அவன் நம்புவான், கையெடுத்துக் கும்பிட முடியாமல் மறுபடியும் குனிவான், பஸ் ஏறிப் போவான். ஓனர் நாளைக்கு இன்னொருத்தனிடம் காட்டிப் படிக்கச் சொல்வான். இல்லை, ஓனருக்காக இல்லை. அந்தக் குனிவை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது.

"அப்டேட் கேக்கற விரலை வெட்டி எறிவேன்னு எழுதியிருக்கு," என்றேன்.

புரியாத மாதிரி பார்த்தான். "வெளையாட்டுக்குங்களா?"

"விளையாட்டுக்கு."

"யாருங்க எழுதுனது? கோடாலின்னு இருக்குதே."

"நான்தான் சிகாமணி. அது என் பேருதான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இதுல எந்த விவரமும் சொல்லல. அந்த டிக்கு, சரி பண்ணியாச்சுன்னு அர்த்தம் இல்ல. நான் மூடிட்டேன்னு மட்டும்தான் அர்த்தம்."

காத்திருந்தேன். கண்ணை மூடவில்லை. கன்னத்தைக்கூடக் கொஞ்சம் முன்னால் நீட்டியிருப்பேன். அவன் இடது கை எழுந்தது, என் மேல் வரவில்லை, நெற்றி வியர்வையை வழித்துவிட்டு இறங்கியது. லேபுக்குள்ளிருந்து பிள்ளைகள் வெளியே வர ஆரம்பித்தார்கள். திலகா மேடம் வாசலில் விடைத்தாள் கட்டோடு நின்றார்.

"நானு எழுதுனதப் படிச்சீங்களா?"

"அப்பப் படிக்கல. இன்னைக்குக் காலையிலதான்."

"இப்பப் படிங்க. மேல இருக்குது பாருங்க."

"சிகாமணி, உள்ள போய்..."

"வாய் விட்டுப் படிங்க சார்."

படித்தேன். "வணக்கம் சார். நிறுத்து பட்டன் அமுக்கினா லேட்டா நிக்குது. ரெண்டு செகண்ட், மூணு செகண்ட். புது வெர்ஷன்ல சரியாயிருச்சுன்னு சொல்றாங்க. உள்ள கை விடப் பயமா இருக்கு. ப்ளீஸ் அப்டேட்."

"இன்னொருக்கா," என்றான். "சத்தமா."

வராந்தாவில் யாரும் நகரவில்லை. மறுபடி படித்தேன், லேபில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில், கடைசிப் பையனுக்கும் கேட்கும்படி. முடித்ததும் மூன்றாவது முறையும் படிக்கச் சொல்லித் தலையை அசைத்தான். உள்ள கை விட என்ற இடத்துக்கு வந்தபோது எழுத்து தெரியவில்லை, காகிதத்தை மடிக்கப் போனேன்.

சிகாமணி கட்டுப் போட்ட கையைக் காகிதத்தின் மேல் வைத்து மடிக்க விடாமல் அழுத்தினான்.

"அங்கிருந்தே படி," என்றான்.